காப்பீட்டு அட்டையோடு குடும்ப மருத்துவரைத் தேடுவது எப்படி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையைத் தெருமுனைக் கிளினிக்கில் நீட்டினால், "இது இங்கே செல்லாதுங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அட்டையை மதிக்கத் தெரியாத மருத்துவர் என்று அவர்மேல் கோபப்படுவதில் பொருளில்லை. காய்ச்சலுக்கோ முழங்கால் வலிக்கோ மாதாமாதம் எழுதித் தரும் சுகர் மாத்திரைக்கோ அந்த அட்டையிலிருந்து அவர் பணம் பெற வழியே கிடையாது. அந்த அட்டை, ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுத்துக்கொள்ளும் சிகிச்சைக்கானது. குடும்ப மருத்துவரின் வேலையோ ஏறக்குறைய முழுவதும் புறநோயாளிகளோடு நடப்பது. ஆகவே, 'இந்த அட்டையை ஏற்கும் குடும்ப மருத்துவர் எங்கே இருக்கிறார்?' என்று தேடிக்கொண்டே இருப்பவருக்கு அப்படி ஒருவர் அகப்படப்போவதில்லை. தேடலின் வரிசையை மாற்ற வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். முதலில் குடும்பத்துக்கென்று ஒரு மருத்துவரை நிலையாக அமைத்துக்கொள்ளுங்கள். அட்டையை எப்போது, எந்த ஆஸ்பத்திரியில், எந்தச் சிகிச்சைக்காகப் பயன்படுத்துவது என்பதை அவருடைய துணையோடு முடிவு செய்யுங்கள். அப்படிப்பட்ட மருத்துவரைச் செலவில்லாமலோ சிறு செலவிலோ பெறும் வழி தமிழ்நாட்டில் இருக்கிறது. அது காப்பீட்டின் வழியாக வராததால் பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

உங்கள் கையில் இருப்பது எந்தக் காப்பீடு?

'கவர்மெண்ட் இன்சூரன்ஸ்' என்று பொதுவாகச் சொன்னாலும், அதில் பல வகை உண்டு. எந்த வகை என்று தெரியாமல் மருத்துவரைத் தேடக் கிளம்பக் கூடாது. மிகப் பரவலானது முதலமைச்சர் திட்டம். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 ஜனவரி 11 முதல் இன்றைய பெயரில் மாற்றியமைக்கப்பட்டு, 2018-இல் மத்திய அரசின் பிரதமர் ஜன் ஆரோக்கிய திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். 72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பு 2022-இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்தில் சேரலாம். 2022-இல் திட்டம் நீட்டிக்கப்பட்டபோது அதில் 1,090 சிகிச்சைகளும் 8 தொடர் சிகிச்சைகளும் 52 பரிசோதனைகளும் இருந்தன. இதய அறுவை சிகிச்சை, டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மருத்துவர் முன்னால் உட்கார்ந்து பேசி, சீட்டு எழுதி வாங்கிவரும் சாதாரண வருகை மட்டும் இல்லை. அப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு அரசு செலுத்த ஒப்புக்கொண்ட பிரீமியம் 849 ரூபாய். அந்தத் தொகைக்குள் பெருஞ்செலவை மட்டும்தான் அடக்க முடியும். ஒரு குடும்பத்தின் ஓராண்டு இருமல், வயிற்றுப்போக்கு, பிரஷர் மாத்திரை அத்தனையையும் அதற்குள் திணிக்க முடியாது.

தொழிலாளர்களின் ஈ.எஸ்.ஐ. இதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, தமிழ்நாட்டில் 1955-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் அடக்கம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு, 2019 ஜூலை முதல், அவருடைய பங்காகச் சம்பளத்தில் 0.75 விழுக்காடும் முதலாளியின் பங்காக 3.25 விழுக்காடும் கட்டப்படுகிறது. தொழிலாளி, வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், அவரையே நம்பியிருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் சிகிச்சை உண்டு. 'அரசுக் காப்பீட்டை ஏற்கும் குடும்ப மருத்துவர்' என்ற சொற்றொடருக்குத் தமிழ்நாட்டில் சரியாகப் பொருந்துபவர் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி மருத்துவர்தான். ஆனால் சம்பளப் பட்டியலில் மாதாமாதம் பிடித்தம் போவதைப் பார்த்துக்கொண்டே, தமக்கு எந்த டிஸ்பென்சரி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அறியாத தொழிலாளர்கள் ஏராளம். அந்த விவரம் ஈ.எஸ்.ஐ. அடையாள அட்டையிலேயே இருக்கிறது. தொழிலாளிக்கு ஒன்றும் குடும்பத்துக்கு வேறொன்றுமாக டிஸ்பென்சரியைப் பதிந்துகொள்ளலாம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவரின் மனைவி மக்கள் தேனியில் இருந்தால், அவர்கள் ஒவ்வொரு முறையும் திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டிய தேவையில்லை. டிஸ்பென்சரியை மாற்றக் கம்பெனியின் சம்பளப் பிரிவிலோ ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலோ கேட்கலாம். குறைந்தது ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்து வயது முதிர்ந்து ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தமக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். வேலை முடிந்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து இதைக் கைவிடுவது பெரிய இழப்பு.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்குமான சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில், ஒவ்வொருவரும் ஒரு மையத்தோடு இணைக்கப்படுகிறார்கள். அந்த மையத்தின் மருத்துவரே அவர்களுக்குக் குடும்ப மருத்துவர். மாநில அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்களிடமிருந்து மாதம்தோறும் பிடித்தம் செய்து நடத்தப்படும் காப்பீடோ முதலமைச்சர் திட்டத்தைப் போல ஆஸ்பத்திரியில் சேரும் செலவுக்கானது. ஆக, ஈ.எஸ்.ஐ., சி.ஜி.எச்.எஸ். உறுப்பினர்களுக்கு மருத்துவர் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறார். அவரைப் பயன்படுத்திக்கொள்வதுதான் பாக்கி. மற்றவர்கள் தாங்களாகவே ஒருவரைத் தேர்ந்து அமைத்துக்கொள்ள வேண்டும். இனி வருவது முதன்மையாக அவர்களுக்கு.

பெரிய செலவுக்குத்தானே காப்பீடு?

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். குடும்பத்தைக் கடனில் தள்ளுவது பைபாஸ் ஆபரேஷனும் டயாலிசிஸும்தான். அவற்றை அட்டை பார்த்துக்கொள்கிறது. இருநூறு ரூபாய்க் கன்சல்டிங் ஃபீஸை யாரும் சமாளித்துவிடலாம். அப்படியிருக்கக் குடும்ப மருத்துவருக்காக ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? இந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. பெருஞ்செலவிலிருந்து காப்பதே காப்பீட்டின் முதல் கடமை. ஆனால் அந்தப் பெருஞ்செலவு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்தால் படம் மாறிவிடும். 2020-இல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் குறித்து நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வில், வயதுவந்தோரில் 33.9 விழுக்காட்டினருக்கு இரத்த அழுத்தமும் 17.6 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோயும் இருந்தன. இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே. சர்க்கரையில் 10.8 விழுக்காடு. நூறு பிரஷர் நோயாளிகளில் தொண்ணூறு பேருக்கு மேல் கட்டுப்பாடில்லாத அழுத்தத்தோடு நடமாடுகிறார்கள் என்றால், நாளைய பக்கவாதமும் மாரடைப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் அங்கேதான் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அட்டை அந்த நாளில் வந்து ஆபரேஷனுக்குப் பணம் கொடுக்கும். அந்த நாளே வராமல் தள்ளிப்போடுவது, மாதம் ஒருமுறை அழுத்தத்தை அளந்து, மாத்திரையைக் கூட்டிக் குறைத்து, விட்டுவிட்டவரைக் கண்டித்து மீண்டும் சாப்பிட வைக்கும் மருத்துவரால்தான் முடியும்.

அதோடு, 'சிறு செலவு' என்று நாம் ஒதுக்குவது சேர்ந்து பார்த்தால் சிறிதாக இருப்பதில்லை. இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013–14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021–22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. குறைந்த பிறகும் அது பெரிய பங்குதான். அதில் பெரும்பகுதி மருந்துக் கடையில் கொடுக்கும் பணம். வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டிய இருவர் ஒரே வீட்டில் இருந்தால், ஆண்டு முழுவதும் அட்டையைத் தொடாமலேயே சேமிப்பு கரைந்துபோகும்.

ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போவதால் என்ன லாபம் என்பதற்கும் சான்று உண்டு. நார்வே நாட்டில் லட்சக்கணக்கானவர்களின் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்டு, பிரிட்டிஷ் பொது மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, ஒரே பொது மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களை, ஓராண்டு மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டது. முன்னவர்களிடம் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ 25 விழுக்காடும், அவசரமாக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு 28 விழுக்காடும் குறைவாக இருந்தன. நார்வே பணக்கார நாடு, அங்கே எல்லோருக்கும் பெயர் பதிந்த மருத்துவர் உண்டு, நம் ஊர் வேறு என்று சொல்லலாம். உண்மைதான், அந்த எண்கள் அப்படியே இங்கே பொருந்தும் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பின்னாலுள்ள காரணம் பணத்தைச் சார்ந்ததல்ல. நம் உடம்பின் பழைய கதை தெரிந்தவர், புதிய அறிகுறியை விரைவில் அடையாளம் காண்கிறார். ஒவ்வாத மருந்தை மறுபடி எழுதாமல் இருக்கிறார். தேவையில்லாத ஸ்கேனைத் தவிர்க்கிறார். அது சூளகிரியிலும் அப்படித்தான், ஆஸ்லோவிலும் அப்படித்தான்.

அட்டைதாரரின் மருத்துவர் எங்கே இருக்கிறார்?

காப்பீடு தராத வெளிநோயாளி சிகிச்சையை அரசு வேறொரு வாசல் வழியாகத் தருகிறது. கிராமத்தில் அது ஆரம்ப சுகாதார நிலையமும் அதன் கீழிருக்கும் துணை நிலையமும். நகரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமும் நலவாழ்வு மையமும். நகர்ப்புறங்களுக்கென 708 நலவாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டு, முதற்கட்டமாக 500 மையங்கள் 2023 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர் என்பது ஏற்பாடு. காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று நேரம் வைத்ததற்குக் காரணம், கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஒருநாள் சம்பளத்தை இழக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதே. இங்கெல்லாம் வருமானச் சான்றோ காப்பீட்டு அட்டையோ கேட்பதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்', சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. படுத்த படுக்கையாக இருப்போருக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே அளிக்கிறது. இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், குடும்ப மருத்துவர் செய்ய வேண்டிய பணிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே நம் வரிப்பணத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. இல்லாதது, நமக்கென்று ஒரு மருத்துவர் என்ற தொடர்பு மட்டும்தான். அதைப் பாதியளவாவது நோயாளியே உண்டாக்கிக்கொள்ளலாம்.

எப்படி என்று பார்ப்போம். உங்கள் வீடு எந்த நிலையத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதை உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடமோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் முறையாகப் போவதை, காய்ச்சலில் துவண்டிருக்கும் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளும் சாக்கில் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆற அமரப் பேச வேண்டியவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், ஒவ்வாத மருந்து, பெற்றோருக்கு இருந்த நோய் ஆகியவற்றை முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறையும் மருத்துவர் எழுதுவதை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்று நான்கு முறை ஒரே நோட்டோடு ஒரே மருத்துவரிடம் போகிறவரை அந்த மருத்துவருக்கு நினைவிருக்கும். தொற்றா நோய்ப் பிரிவின் செவிலியருக்கு இன்னும் நன்றாகவே நினைவிருக்கும்.

அரசு நிலையத்தைப் பற்றி மூன்று ஆட்சேபங்கள் வழக்கமாக வரும். முதலாவது, டாக்டர் மாறிக்கொண்டே இருப்பார் என்பது. உண்மை, இளம் மருத்துவர்கள் மேற்படிப்புக்குப் போவார்கள், இடமாற்றம் வரும். நோட்டுப் புத்தகத்தை வலியுறுத்துவது இதற்காகத்தான். மருத்துவர் மாறினாலும் கதை அறுந்துபோகக் கூடாது. இரண்டாவது, கவர்மெண்ட் மாத்திரை வேலை செய்யாது என்பது. 1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மூலப்பெயரில் மொத்தமாக வாங்கி, மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்த பிறகே நிலையங்களுக்கு அனுப்புகிறது. பல மாநிலங்கள் பின்பற்றிய முறை அது. பளபளக்கும் அட்டைப்பெட்டி இல்லாததால் மருந்தின் வீரியம் குறைந்துவிடாது. மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் இறங்கவில்லை என்றால் அதை மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றுவதுதான் முறை. கடைக்குப் போய் வேறு பிராண்டு வாங்குவது அல்ல. மூன்றாவது ஆட்சேபம் கூட்டம். இதற்கு முழுமையான பதில் இல்லை. ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் நிலையங்கள் இருக்கின்றன. கூடுதல் ஆளும் மருந்தும் கொடுத்தால் நிலைமை மாறும் என்பதைச் சூளகிரி, விராலிமலை, வேப்பூர் ஒன்றியங்களில் துணை நிலையங்களை வலுப்படுத்திப் பார்த்த முன்னோடித் திட்டம் காட்டியது. அங்கே மக்கள் துணை நிலையங்களுக்குத் திரும்பினார்கள், கைச்செலவும் குறைந்தது. உங்கள் ஊரில் அந்த நிலை இன்னும் வரவில்லை என்றால், கீழே சொல்லும் இரண்டாவது வழி உண்டு.

தனியார் மருத்துவர்தான் வேண்டும் என்றால்

2017–18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்றில், இந்தியாவில் சிகிச்சை எடுத்துக்கொண்ட நோய்களில் சுமார் 30 விழுக்காடு மட்டுமே அரசு நிலையங்களில் பார்க்கப்பட்டன. மீதி பெரும்பாலும் தனியாரிடம். பக்கத்திலேயே இருக்கிறார், இரவு எட்டு மணிக்கும் பார்க்கலாம், காது கொடுத்துக் கேட்கிறார் என்பதற்காக மக்கள் அங்கே போகிறார்கள்; அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் குடும்பம் தனியார் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் அட்டையை ஏற்கிறாரா என்ற கேள்வியை விட்டுவிட்டு, அட்டைக்கு உரிய இடத்துக்கு நேரம் தவறாமல் அனுப்புவாரா என்ற கேள்வியைக் கேட்க வேண்டும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் தகுதி. மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிமுறை. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. பட்டமோ டிப்ளமாவோ இருந்தால் நல்லது, வெறும் எம்.பி.பி.எஸ். என்பதற்காக யாரையும் தள்ள வேண்டாம். அடுத்தது சீட்டு. மருந்தின் மூலப்பெயரைப் புரியும் எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இல் அதே விதிமுறை திருத்தப்பட்டது. மூலப்பெயர் இருந்தால்தான், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலோ மக்கள் மருந்தகங்களிலோ குறைந்த விலையில் வாங்க முடியும்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மருந்து இருக்கிறதா என்றும் கேட்க முடியும். தம் கிளினிக்கை ஒட்டிய கடையில் மட்டுமே கிடைக்கும் பெயர்களாக எழுதுகிற மருத்துவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மூன்றாவதாக, "நாளைக்கு ஆபரேஷன் என்று வந்தால் எங்கே அனுப்புவீர்கள்? எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியையும், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளையும் பெயர் சொல்லிப் பேசுகிறவர் உங்களுக்குப் பயன்படுவார். எந்தக் கேள்விக்கும் ஒரே நர்சிங் ஹோமின் பெயரைச் சொல்கிறவரைப் பற்றி யோசியுங்கள். நோயாளியை அனுப்பி வைப்பதற்குக் கமிஷன் வாங்குவதை ஒழுக்க விதிமுறை தடுக்கிறது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாகக் கிளினிக் வைக்கலாம். காலையில் ஜி.எச்.சில் இருப்பவர் மாலையில் உங்கள் தெருவில் உட்கார்ந்தால், அரசு ஆஸ்பத்திரியின் நடைமுறை தெரிந்த ஒருவர் கிடைக்கிறார். இலவசமாகக் கிடைக்கும் மருந்தையும் பரிசோதனையையும் காலையில் ஆஸ்பத்திரியில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறவர் நல்ல குடும்ப மருத்துவர். ஆஸ்பத்திரியில் அரை நிமிடம் பார்த்துவிட்டு 'சாயங்காலம் கிளினிக்குக்கு வாங்க' என்கிறவர் அப்படியல்ல. இரண்டையும் கலந்து நடத்துவதும் கெட்டிக்காரத்தனம்தான். ஆண்டுக்கு இரண்டு முறை விரிவாகப் பேசத் தனியார் மருத்துவர், மாதந்தோறும் மாத்திரைக்கும் அளவீட்டுக்கும் அரசு நிலையம் என்று பிரித்துக்கொள்ளும் குடும்பத்துக்குச் செலவும் கட்டுப்படும், தொடர்பும் அறாது. இரண்டு இடத்திலும் ஒரே நோட்டைக் காட்ட வேண்டும் என்பதே நிபந்தனை. இல்லாவிட்டால் ஒரே மருந்து இரண்டு பெயரில் இரட்டிப்பாக உடம்புக்குள் போகும் ஆபத்து உண்டு.

அட்டையை நீட்டும் நாள்

மருத்துவர் அமைந்துவிட்டால் அட்டையைப் பயன்படுத்துவது எளிதாகும். ஒரு தனியார் ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது என்றால், எல்லாச் சிகிச்சைக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எலும்பு முறிவுக்குச் சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரி இதயத்துக்குச் சேராமல் இருக்கலாம். ஆகவே உங்கள் மருத்துவரிடம் நோயின் பெயரும் தேவைப்படும் சிகிச்சையின் பெயரும் எழுதிய பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு, '1800 425 3993' என்ற திட்டத்தின் கட்டணமில்லா எண்ணில், இந்தச் சிகிச்சைக்கு எந்தெந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஆஸ்பத்திரியில் காப்பீட்டுப் பிரிவுக்கு முதலில் போய், முன் அனுமதி கிடைத்ததா என்று தெரிந்துகொண்ட பிறகு சிகிச்சைக்கு ஒப்புதல் கொடுங்கள். அவசர நிலை இதற்கு விதிவிலக்கு. மார்வலியோ விபத்தோ என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, அட்டையைப் பிறகு தேடலாம். அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும் அட்டையைக் காட்டுங்கள். அங்கே இலவசம்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் சிகிச்சைக்கான காப்பீட்டுத் தொகை அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும். கருவியும் கட்டமைப்பும் வாங்க அது உதவும். அட்டை ஏற்கப்பட்ட சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால், ரசீது கேளுங்கள். அதே கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய பிறகுதான் குடும்ப மருத்துவரின் அருமை முழுதாகத் தெரியும். பிரதமர் ஜன் ஆரோக்கிய திட்ட விதிப்படி, அனுமதிக்கு முந்தைய 3 நாட்களும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாட்களும்தான் காப்பீட்டின் கணக்கில் வரும். ஸ்டென்ட் வைத்தவருக்குப் பதினாறாம் நாளும் மாத்திரை வேண்டும். பத்தாவது ஆண்டிலும் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை உங்கள் மருத்துவரிடம் கொடுத்து, எந்த மாத்திரை நிரந்தரம், எது தற்காலிகம், அடுத்த பரிசோதனை எப்போது என்று எழுதி வாங்குங்கள். நிரந்தர மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்குமா என்றும் அப்போதே விசாரியுங்கள். உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதிமுறை, தயங்காமல் கேளுங்கள்.

இத்தனை வேலையையும் ஏழை நோயாளியின் தலையில் ஏன் கட்ட வேண்டும், காப்பீட்டிலேயே வெளிநோயாளி சிகிச்சையைச் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். தாய்லாந்து 2002 வாக்கில் கொண்டுவந்த பொதுக் காப்பீட்டில், ஒவ்வொருவரும் ஓர் ஆரம்ப நிலையத்தோடு பதியப்பட்டு, தலைக்கு இவ்வளவு என்று அந்த நிலையங்களுக்குப் பணம் தரப்படுகிறது. நம் ஈ.எஸ்.ஐ.யிலும் டிஸ்பென்சரியோடு பதிவு என்ற கரு இருக்கிறது. ஆனால் தெருவுக்குத் தெரு இருக்கும் தனியார் கிளினிக்குகளில் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அட்டையைத் தேய்க்கும் முறை வந்தால், ஒன்றுக்கு மூன்று டெஸ்ட் எழுதி பில் போடுவதைத் தடுக்க வழி இருக்காது. பிரீமியமும் பல மடங்காகும். ஒவ்வொரு குடும்பத்தையும் ஓர் ஆரம்ப நிலையத்தோடும் பெயர் தெரிந்த ஒரு மருத்துவரோடும் பதிந்து, அந்த நிலையத்துக்கு ஆளும் மருந்தும் கொடுப்பதே அதைவிடச் செலவு குறைந்த, நியாயமான வழி. அதைக் கோரும் உரிமை வரி கட்டும் எல்லோருக்கும் உண்டு. கிராம சபையில் கேளுங்கள், வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்.

அதுவரை, காப்பீட்டு அட்டையைப் பெருநோய்க்கென்று பத்திரமாக வைத்திருங்கள். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும் ஒரு நாளில், ஒரு நோட்டும் பழைய சீட்டுகளும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கோ போய் மருத்துவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த முறையும் அவரையே பாருங்கள்.